அவுரித் தொட்டியில் ஒரு நைட்ரஜன் வளையம்

திருத்தணி, 1960-ல் ஆந்திராவிலிருந்து நம்ம மாநிலத்துக்கு வந்த ஊர். அதுக்கு வடமேற்கே கடப்பை, வடக்கே நெல்லூர். ரெண்டுமே பிரிட்டிஷ் காலத்தில் அவுரி விளைந்த சீமை.

அவுரி இலையில் நீலம் கிடையாது. இண்டிகன் என்ற நிறமில்லாத பொருள்தான் இருக்கு. அதுக்குள்ள இண்டோல் வளையம்: எட்டு கார்பன், ஒரு நைட்ரஜன். கார்பன் ஒவ்வொன்றும் ஒரு எலக்ட்ரான் தர, நைட்ரஜன் தன் பி ஆர்பிட்டாலில் இருக்கிற இரண்டையும் பொதுவில் வைக்குது. மொத்தம் பத்து. ஹக்கல் 1931-ல் போட்ட கணக்குக்குச் சரியா வருது. அதனால்தான் அந்த வளையம் உறுதி.

இலையைத் தொட்டியில் ஊற வைத்தால் சர்க்கரைப் பகுதி பிரியும். அந்தத் தண்ணீரை அடித்துக் காற்று கலந்தால், இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து இண்டிகோ ஆகும். அப்போ நைட்ரஜன் இருக்கும் வளையம் அரோமாட்டிக் தன்மையை இழக்குது. புதுசா வந்த இணைப்பு ஆரஞ்சு ஒளியை விழுங்குது. நம்ம கண்ணுக்கு நீலம்.

தொட்டியில் இறங்கி அடித்தவர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படல. ஆனா ஜெர்மனியில் பேயர் 1883-ல் அமைப்பைக் கண்டுபிடித்தார். 1897-ல் பிஏஎஸ்எஃப் செயற்கை நீலத்தை விற்க ஆரம்பித்தது. 1914-க்குள் உலகச் சந்தையில் அவுரி நீலம் சிறு பங்காகச் சுருங்கிப்போச்சு. நம்ம ஊர் இலையின் மூலக்கூறை வேறொருத்தர் முதலில் படித்தார்; சந்தையும் அவர்கள் பக்கம் போனது.