கண்டம் ஆன நாற்காலி

"பாயி சாப், இது கார்பூசியர் குர்சி. ஒரிஜினல். ஒரு பீஸ் ஐயாயிரத்துக்குக் குறைஞ்சு வராது."

பழைய மரச்சாமான் கடைக்காரர் இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டிகரில் குடியிருப்பவர்களுக்கு இந்த வசனம் பழக்கம்தான். பழைய மர நாற்காலி எதுவாக இருந்தாலும் இங்கே அது கார்பூசியர் நாற்காலி.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் இருந்த மேஜை, நாற்காலி எல்லாம் ஆட்டம் கண்டுவிட்டன. ஷோரூமில் போய் விலை கேட்டால் நாலு பேர் உட்காரும் செட்டுக்கு 65,000 ரூபாய் என்றார்கள். தட்டிப் பார்த்தால் உள்ளே மரத்தூள் பலகை! தங்கமணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "இந்தக் காசுக்கு இந்த அட்டையா? பழைய மரம் வாங்கிச் சரி பண்ணிக்கலாங்க."

அப்படித்தான் அந்தக் கடைக்குப் போனோம். பிரம்பு கிழிந்து தொங்கிய நாலு ஆபீஸ் நாற்காலிகள். நான் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். கால்கள் நாலும் நேர்க் கால்கள். முதுகில் எழுத்தோ எண்ணோ கிடையாது. "இது கார்பூசியரும் இல்லை, அவர் தம்பியும் இல்லை ஜி" என்றேன். கடைசியில் ஒன்று 1,200 ரூபாய்க்குப் படிந்தது.

தம்பி என்று நான் சும்மா சொல்லவில்லை. அதுதான் கதையே. கொஞ்சம் பின்னால் போகலாம், வாருங்கள்.

1947 பிரிவினையில் பஞ்சாப் இரண்டாகப் பிளந்தபோது தலைநகரமான லாகூர் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகரமே இல்லை. சிம்லாவில் ஒண்டுக் குடித்தனம். வந்து குவிந்த அகதிகளுக்கு நடுவே, வெறும் வயல்வெளியில் புது நகரம் ஒன்றைக் கட்டுவதென்று முடிவானது. முதலில் திட்டம் போட்டவர் ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கர். அவரோடு வேலை செய்த மேத்யூ நோவிட்ஸ்கி 1950-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அதன்பிறகு பி.என்.தாப்பர், பி.எல்.வர்மா என்ற இரண்டு அதிகாரிகள் ஆள் தேடி ஐரோப்பா போனார்கள். கிடைத்தவர்கள் நாலு பேர்: லெ கார்பூசியர், அவருடைய சித்தப்பா-பெரியப்பா முறைத் தம்பி பியர் ஜானரே, லண்டனிலிருந்து மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதி.

கார்பூசியர் பெரிய ஆள். வருவார், வரைவார், போய்விடுவார். ஃப்ரையும் ட்ரூவும் மூன்று வருஷத்தில் கிளம்பிவிட்டார்கள். ஊரிலேயே தங்கியவர் ஜானரேதான். 1951 முதல் 1965 வரை, உடம்பு முடியாமல் போகும்வரை இங்கேயே இருந்தார். 1967-ல் ஜெனிவாவில் இறந்தார். அவர் விருப்பப்படி அஸ்தியை இங்கே கொண்டுவந்து சுக்னா ஏரியில் கரைத்தார்கள். ஏரிக்கரையில் காலையில் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

1953-ல் நகரம் திறப்பு விழா கண்டது. தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், கல்லூரிகள், நூலகங்கள், குடியிருப்புகள் என்று கட்டடங்கள் வரிசையாக எழும்பின. கட்டடம் எழும்பினால் போதுமா? குமாஸ்தா எதில் உட்காருவார்? நீதிபதி எதில் உட்காருவார்? ஆயிரக்கணக்கில் நாற்காலி, மேஜை, அலமாரி வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அரசாங்கத்திடம் காசு கிடையாது.

இங்கேதான் ஜானரேயின் புத்தி வேலை செய்தது. அவரும் அவருடன் இருந்த இந்தியக் கட்டடக்கலைஞர்களும் சேர்ந்து வடிவங்கள் வரைந்தார்கள். அந்தக் குழுவில் யூலி சௌத்ரி என்ற பெண்மணியும் முக்கியமானவர். எடுத்துக்கொண்ட பொருட்கள் தேக்கு, ஷீஷம் (நம் ஊர் ஈட்டி மரத்தின் பங்காளி), பிரம்பு. மூன்றும் இந்தியத் தச்சருக்குக் கைவந்தவை. நாற்காலியின் இரண்டு பக்கமும் தலைகீழ் 'வி' போன்ற கால்கள். ஜியோமிதிப் பெட்டியில் இருக்கும் காம்பஸை விரித்து நிறுத்தியது போல இருக்கும். அந்த முக்கோணம்தான் பலம். ஆட்டம் கொடுக்காது. உட்காரும் இடமும் முதுகும் பிரம்புப் பின்னல். மே, ஜூன் வெயிலில் ஏ.சி. இல்லாத ஆபீசில் காற்று உள்ளே புகுந்து போக வேண்டுமே!

ஆலையில் அச்சடித்தது போல இவை வரவில்லை. பல சின்னச் சின்னப் பட்டறைகளில் மிஸ்திரிகள் (இங்கே தச்சரை அப்படித்தான் சொல்கிறார்கள்) கையால் செய்தார்கள். அதனால் ஒரே மாதிரி நாற்காலியில்கூட ஒன்றுக்கொன்று அளவு கொஞ்சம் மாறும். செய்து முடித்ததும் எந்த ஆபீசின் சொத்து என்று பின்பக்கம் பெயின்டில் எழுத்தும் எண்ணும் போட்டார்கள். யாரும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது அல்லவா? இந்தப் பெயின்ட் எழுத்தை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறது.

ஒரு முப்பது, நாற்பது வருஷம் ஓடியது. பிரம்பு தொய்ந்தது, கிழிந்தது. ஸ்டீல் மேஜை, ரெக்ஸின் நாற்காலி, சுழல் நாற்காலி என்று புதுசு புதுசாக வந்தன. பழையவற்றைக் கல்லூரி மொட்டை மாடியிலும் ஆபீஸ் கொல்லைப்புறத்திலும் குவித்தார்கள். மழையும் வெயிலும் தின்றன. அப்புறம் அரசு ஆபீசுக்கே உரிய அந்தச் சடங்கு: கண்டம் பண்ணுவது. உபயோகமில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, லாட் லாட்டாக ஏலம். வாங்கியவர்களில் பழைய சாமான் வியாபாரிகள் உண்டு, விறகுக்கு எடுத்தவர்களும் உண்டு.

1990-களின் கடைசியில் பிரான்சிலிருந்து சில வியாபாரிகள் வந்தார்கள். அவர்களும் இந்த ஏலங்களில்தான் எடுத்தார்கள். திருட்டு இல்லை, கள்ளக் கடத்தல் இல்லை. ரசீது வாங்கிக்கொண்டு கப்பலில் ஏற்றினார்கள். அங்கே கொண்டுபோய் என்ன செய்தார்கள்? மரத்தைத் துடைத்து மெருகேற்றினார்கள். உடைந்த கட்டையை மாற்றினார்கள். பிரம்பை மறுபடி பின்னினார்கள். அவ்வளவுதான்! பிறகு நியூயார்க், பாரிஸ், லண்டன் ஏல அரங்குகளில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயின. திருடு போகாமல் இருக்கப் போட்ட அந்தப் பெயின்ட் எழுத்துதான் இன்று அசல் என்பதற்குச் சான்று. அது அழியாமல் இருந்தால் விலை இன்னும் கூடும். வரைந்தவர் பெயர் ஏலப் பட்டியலில் கொட்டை எழுத்தில் வரும். செய்த மிஸ்திரியின் பெயர் வராது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் 2013-ல் 'ப்ராவனன்ஸ்' என்று ஒரு படம் எடுத்தார். பணக்கார வீடுகளில் கிடக்கும் நாற்காலிகளில் தொடங்கி, ஏல அரங்கு, மெருகேற்றும் பட்டறை, கப்பல் என்று பின்னோக்கிப் போய் சண்டிகர் ஆபீசில் முடிகிற படம். அதோடு விட்டாரா? அந்தப் படத்தையே அதே வருஷம் லண்டனில் ஏலத்துக்கு விட்டார்.

விஷயம் தெரிந்ததும் இங்கே கூச்சல் எழுந்தது. 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம், இந்த மரபுச் சாமான்களை இனி விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. கணக்கெடுத்த குழு 12,793 உருப்படிகளைப் பட்டியலில் ஏற்றியது. ஆனால் ஏற்கனவே போனதைத் திரும்ப வாங்க முடியவில்லை. அரசாங்கமே ஏலம் விட்டுக் காசு வாங்கிய பொருளை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது? சட்டமும் கை கொடுக்கவில்லை. நம் நாட்டின் 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருளுக்குக் குறைந்தது 100 வயதாக வேண்டும். கலாசாரச் சொத்துக்கள் கைமாறுவதைத் தடுக்கும் 1970-ஆம் வருஷ யுனெஸ்கோ ஒப்பந்தத்திலும் மரச்சாமான் என்றால் 100 வயதைத் தாண்டியது என்றுதான் இருக்கிறது. 1955-ல் செய்த நாற்காலி 2055 வரை காத்திருக்க வேண்டும்!

இந்தக் கதையைச் சொல்லும் எல்லாரும் "நம்ம சொத்தை வெள்ளைக்காரன் அள்ளிக்கிட்டுப் போயிட்டான்" என்றுதான் முடிப்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

இதே ஊரில் நேக் சந்த் என்று ஒருவர் இருந்தார். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். நகரத்துக்காக இடித்த கிராமங்களில் கிடந்த உடைந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டு, சைக்கிள் பாகம் எல்லாவற்றையும் பொறுக்கி, காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் 1957 வாக்கில் சிலைகள் செய்ய ஆரம்பித்தார். 1976-ல் அது ராக் கார்டன் என்று மக்களுக்குத் திறக்கப்பட்டது. பின்னால் ஒருமுறை இடிக்க வந்தபோது ஊர் மக்களே திரண்டு தடுத்தார்கள். குப்பையில் செய்த சிலையைக் காப்பாற்றத் தெரிந்த ஊர்தான், நல்ல தேக்கு நாற்காலியைக் குப்பை என்று எழுதிக் கொடுத்தது. ஏன்?

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். அப்பா வேலை பார்த்த தாலுகா ஆபீசிலும் பிரம்பு நாற்காலிகள்தான். முழுப் பரீட்சை லீவில் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கூடை கொண்டுபோவேன். பார்வையில்லாத ஒருவர் வராந்தாவில் உட்கார்ந்து நாற்காலி பின்னிக்கொண்டிருப்பார். பக்கத்தில் வாளித் தண்ணீரில் பிரம்பு ஊறிக்கொண்டிருக்கும். விரலால் ஓட்டைகளை எண்ணி எண்ணிக் கோர்ப்பார். ஒரு ஓட்டை தப்பாது. "அவர் இருக்கறவரைக்கும் இந்த ஆபீஸ்ல நாற்காலி சாகாதுடா" என்பார் அப்பா. பிரம்பு கிழிந்தால் பின்ன ஆள் கூப்பிடுவார்கள். நாற்காலியைத் தூக்கிப் போடுவார்களா என்ன?

பிரம்பு நாற்காலியின் சூட்சுமமே அதுதான். மரம் நூறு வருஷம் நிற்கும், பிரம்பு சில வருஷத்தில் போகும். போனால் பின்னிக்கொள்ள வேண்டும் என்றுதான் அதைச் செய்வதே. ஜானரேயின் நாற்காலியும் அப்படிச் செய்ததுதான். பின்னுகிறவரைக் கூப்பிடுவதை என்றைக்கு நிறுத்தினோமோ அன்றைக்கே அது குப்பையாகிவிட்டது. கண்டம் பண்ணிய கையெழுத்து அதற்கப்புறம் வந்த சம்பிரதாயம். வெளிநாட்டு வியாபாரி பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. நம் ஆபீஸ் வராந்தாவில் நடந்துகொண்டிருந்த வேலையை அங்கே செய்து டாலரில் விற்றார்.

சரி, நம் வீட்டு டைனிங் ரூமுக்கு வருவோம்.

மேஜைக்கு, இடித்த வீட்டிலிருந்து வந்த ஒரு பழைய தேக்குக் கதவு 3,500 ரூபாய்க்குக் கிடைத்தது. மிஸ்திரி அதை இழைத்து, கால் போட்டு, நாற்காலிகளையும் இறுக்கி, எல்லாவற்றுக்கும் பாலிஷ் அடிக்க 6,000 வாங்கினார். தாழ்ப்பாள் இருந்த ஓட்டையை அடைக்கட்டுமா என்று கேட்டார். "வேண்டாம், இருக்கட்டும்" என்றாள் தங்கமணி. நாற்காலிகள் 4,800. பிரம்பு பின்னுகிறவரைத் தேடிப் பிடிக்கத்தான் மூன்று வாரம் ஆனது. வயதானவர். நாலு நாற்காலிக்கு 6,000. ஆகமொத்தம் 20,300 ரூபாய்.

அவர் எங்கள் பால்கனியில் உட்கார்ந்துதான் பின்னினார். அதே வாளி, அதே ஊறும் பிரம்பு. பையன்களுக்கு இந்த வேலை தெரியுமா என்று கேட்டேன். ஒருத்தன் டாக்ஸி ஓட்டுகிறானாம், இன்னொருத்தன் மொபைல் கடையாம். "இதில் என்ன இருக்கிறது சார்" என்றார். அந்த நாற்காலிகளின் விலையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளம்பும்போது, "ஏழெட்டு வருஷம் தாங்கும். அப்புறம் கூப்பிடுங்க, நான் இருந்தால் வருகிறேன்" என்றார்.

அவர் போன பிறகு ஒரு நாற்காலியைக் கவிழ்த்து, சட்டத்தின் அடியில் மார்க்கர் பேனாவால் அவர் பெயரையும் வருஷத்தையும் எழுதினேன். "என்னங்க, இதையும் ஏலத்துக்கு விடப் போறீங்களா?" என்று சிரித்தாள் தங்கமணி. இல்லை. அடுத்த தடவை யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிய வேண்டாமா?