கலப்பைக் கல்லூரியும் நார்மண்டிக் கரையும்: டெக்சஸ் ஏ அண்ட் எம் முன்னாள் மாணவர்களின் போர்ப் பங்கு

1944 ஜூன் 6. நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கிய அதே நாளில், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பட்டமளிப்பு விழா நடந்தது. படையெடுப்பின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரின் மகன் ஜான் அன்றுதான் பட்டம் பெற்றார். ஆண்டுக்குச் சில நூறு பேரை மட்டுமே உருவாக்கிய அக்கல்லூரியால் அந்தப் போருக்கு வேண்டிய அதிகாரிகளைத் தந்திருக்க முடியாது. 1939இல் இரண்டு லட்சத்துக்கும் குறைவாக இருந்த அமெரிக்கத் தரைப்படை, 1945இல் எண்பது லட்சத்தைத் தாண்டியது. இத்தனை பேரை நடத்த அதிகாரிகள் எங்கிருந்து வந்தார்கள்?

விடையின் வேர் 1862இல் இருக்கிறது. உள்நாட்டுப் போரின் நடுவே, ஜூலை 2 அன்று, லிங்கன் மோரில் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலங்களுக்கு அரசு நிலம் வழங்கி, அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவ அது வழிசெய்தது. அவற்றில் ராணுவப் பயிற்சியும் இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. பயிற்சி பெற்ற அதிகாரிகள் போதாமல் வடக்கு மாநிலங்கள் திணறிக்கொண்டிருந்த நேரம் அது. உழவனின் மகனுக்குக் கல்வியும், நாட்டுக்குச் சேமப்படை அதிகாரியும் ஒரே கூரையின்கீழ் கிடைக்க வேண்டும் என்ற ஏற்பாடாகவே அதைப் படிக்கிறேன்.

இச்சட்டத்தின் வழியே 1876இல் திறக்கப்பட்டதுதான் டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரி. மாணவர்கள் அனைவரும் சீருடை அணிந்த 'கேடட்'கள். படிப்பும் அணிவகுப்பும் விடுதி வாழ்க்கையும் ராணுவ ஒழுங்கில் நடந்தன. 1916ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் சேமப்படை அதிகாரிப் பயிற்சியை முறைப்படுத்தியதும், பட்டத்தோடு லெப்டினன்ட் பதவியையும் பெற்று வெளியேறும் வழக்கம் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போரில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் மாணவர்கள் பணியாற்றினர், அவர்களில் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் அதிகாரிகள் என்பது பல்கலைக்கழகம் தரும் கணக்கு.

அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஏர்ல் ரடர். டெக்சஸின் ஈடன் என்ற சிற்றூரில் 1910இல் பிறந்தவர். 1932இல் பட்டமும் சேமப்படைப் பதவியும் பெற்ற அவர், பள்ளி ஆசிரியராகவும் கால்பந்துப் பயிற்சியாளராகவும் காலம் தள்ளினார். 1941இல் அழைப்பு வந்தது. இரண்டே ஆண்டுகளில் அதிரடிப் படைப்பிரிவான இரண்டாம் ரேஞ்சர் பட்டாலியனின் தலைவரானார்.

அந்தப் படைக்குக் கொடுக்கப்பட்ட வேலை கடுமையானது. நார்மண்டியில் ஒமாஹா, யூட்டா என்று பெயரிடப்பட்ட இறங்குகரைகளுக்கு இடையே பாயின்ட் து ஹோக் என்ற, ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறை நிற்கிறது. அதன் உச்சியில் ஜெர்மானியரின் ஆறு 155 மி.மீ. பீரங்கிகள் இருப்பதாகத் தகவல். ஜூன் 6 அன்று ரடரும் ஏறத்தாழ 225 வீரர்களும் படகுகளில் சென்றனர். வழிகாட்டிப் படகு தவறான முனையை நோக்கிச் செல்வதை ரடர் கண்டுகொண்டு திருப்பினார். ஆனால் அரைமணி நேரத்துக்கு மேல் கைநழுவிவிட்டது. ராக்கெட்டில் ஏவிய கொக்கிக் கயிறுகள் பல கடல்நீரில் நனைந்து கனத்ததால் உச்சியை எட்டாமல் விழுந்தன. லண்டன் தீயணைப்புத் துறையிடம் பெற்ற நீள ஏணிகளைச் சுமந்த வண்டிகள், குண்டுக்குழிகள் நிறைந்த கரையில் ஏற முடியாமல் நின்றன. எஞ்சிய கயிறுகளைப் பற்றி, மேலிருந்து குண்டுமழை பொழிய, அவர்கள் ஏறினார்கள்.

உச்சியில் பீரங்கிகள் இல்லை! சற்று உள்ளே, ஒரு தோப்பில் மறைத்துவைக்கப்பட்டிருந்த ஐந்தை லியோனார்ட் லொமெல், ஜாக் குன் என்ற இரு சார்ஜென்ட்கள் கண்டுபிடித்தனர். தெர்மைட் குண்டுகளால் அவற்றின் பற்சக்கரங்கள் உருக்கப்பட்டு, பீரங்கிகள் செயலிழந்தன. ஜூன் 8 அன்று உதவிப்படை வந்து சேர்ந்தபோது ஆயுதம் ஏந்தும் நிலையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 90 பேர். இருமுறை காயம்பட்டும் ரடர் களத்தைவிட்டு விலகவில்லை.

பாறையேறிய வீரர்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்து தாமாக முன்வந்தவர்கள். கல்லூரி தந்தது அவர்களின் தலைவரை. அவரைத் தனிப்பட்ட வீரராக மட்டும் போற்றும் எழுத்துகள், ஒரு பள்ளி ஆசிரியரிடம் பத்தாண்டுகளாகக் காத்திருந்த பயிற்சியை மறந்துவிடுகின்றன. இதே ஏற்பாட்டின் அநீதியையும் மறைக்கலாகாது. அன்றைய ஏ அண்ட் எம் வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே இடமளித்தது. கறுப்பின மாணவர்களுக்கு டெக்சஸ் அரசு 1876இலேயே பிரெய்ரி வியூவில் தனிக் கல்லூரி ஏற்படுத்தி ஒதுக்கிவைத்தது.

1959இல் ரடர் தம் கல்லூரிக்கே தலைவரானார். 1963இல் கறுப்பின மாணவர்களும், வரையறையோடு பெண்களும் சேர்க்கப்பட்டனர். கல்லூரி பல்கலைக்கழகமானது. 1965இல் கட்டாயக் கேடட் பயிற்சி நீக்கப்பட்டது. பழைய மாணவர் பலர் கொதித்தெழுந்தனர். அந்தப் பயிற்சியின் தலைசிறந்த விளைச்சலான மனிதரே அதன் கட்டாயத்தை நீக்கத் துணிந்தது, பாறை ஏறியதற்குச் சற்றும் குறையாத செயல் என்பேன். 1970 மார்ச் 23 அன்று ரடர் இறந்தபோது, அவர் பொறுப்பேற்கையில் ஏறத்தாழ 7,500 மாணவர்கள் இருந்த அந்நிறுவனத்தில் 14,000 பேர் படித்துக்கொண்டிருந்தனர்.