நகல் எடுக்காத நகல்: லினக்ஸின் ‘டீ’

எங்க ஊர் பரளச்சிப் பக்கம் குழாய் வேலை நடக்கும்போது பிளம்பர் ‘ஒரு டீ வாங்கிட்டு வா தம்பி’ என்று சொன்னால் டீக்கடைக்கு ஓடக்கூடாது. அவர் கேட்பது ஒரு குழாயை இரண்டாகப் பிரிக்கும் மூன்று வாய் இணைப்பு. அதை மாட்டினால் தண்ணீர் பங்காகும். மேலத்தெருவில் நன்றாக வந்தால் கீழத்தெருவில் சொட்டும். அந்தச் சண்டையைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

யூனிக்ஸ்காரர்கள் இந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களுடைய டீயில் இரண்டு தெருவுக்கும் முழுத் தண்ணீர் வரும்.

குழாய் என்ற உவமையே பழையது. தோட்டத்து ஹோஸில் இன்னொரு துண்டைத் திருகி மாட்டுவதுபோல புரோகிராம்களை ஒன்றோடொன்று இணைக்க வழி வேண்டும் என்று பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் 1964இல் ஒரு குறிப்பு எழுதினார். 1973இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் செய்து காட்டினார். அதுதான் ‘பைப்’. ‘டீ’ என்ற கட்டளையும் அந்தப் பத்தாண்டிலேயே வந்துவிட்டது.

அந்தக் கட்டளை வேலை செய்யும் விதம் கொஞ்சம் பாமரத்தனமானது. கர்னலின் நினைவகத்திலிருந்து தரவைத் தன் நினைவகத்துக்குப் படி எடுக்கும். பிறகு அதையே ஒவ்வொரு வெளிவழிக்கும் திரும்ப எழுதும். இரண்டு பேருக்குக் கொடுக்க மூன்று தடவை படி. நாலு வரிக்கு இது ஒன்றுமில்லை, நாள் முழுக்க ஓடும் தரவுக்கு வீண் செலவு.

தரவை புரோகிராமுக்குள் கொண்டுவராமலே நகர்த்தலாமே என்று 1990களின் இறுதியில் லாரி மெக்வாய் ‘ஸ்ப்ளைஸ்’ என்ற யோசனையை முன்வைத்தார். 2006இல் யென்ஸ் ஆக்ஸ்போ அதை லினக்ஸில் எழுதியபோது கூடவே ‘டீ’ என்ற சிஸ்டம் காலும் வந்தது, 2.6.17 பதிப்பில். ஒரு பைப்பில் இருப்பதை இன்னொரு பைப்புக்கும் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை.

எப்படிக் கொடுக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்க பக்கத்துப் பத்திரங்களில் ‘கிணற்றில் நாலில் ஒரு பங்கு’ என்று எழுதுவார்கள். பங்கு கை மாறும்போது கிணற்றுத் தண்ணீரை யாரும் மோண்டு ஊற்றுவதில்லை, பத்திரத்தில் பெயர்தான் மாறும். கர்னலும் அப்படித்தான். பைப்பில் உள்ள தரவு 4096 பைட் கொண்ட ‘பக்கங்களில்’ கிடக்கிறது. டீ அந்தப் பக்கத்தைத் தொடாது. ‘இதற்கு இன்னொரு பங்காளி’ என்று எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும், அவ்வளவுதான். கடைசிப் பங்காளி விலகும்போது பக்கம் விடுவிக்கப்படும்.

(ஒரு எச்சரிக்கை: டீ மூலப் பைப்பைக் காலி செய்யாது. அதை நீங்களே படித்தோ ஸ்ப்ளைஸ் செய்தோ தீர்க்கணும். இது தெரியாமல் லூப் போட்டு, அதே முதல் வரிகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து அரை நாள் முழிச்சேன்.)

பங்கு என்றால் வழக்கும் வரணுமே. வந்தது, 13 வருடம் கழித்து. பைப்பில் சின்னச் சின்னதாக எழுதினால், கடைசிப் பக்கத்தில் மிச்சமுள்ள இடத்திலேயே கர்னல் அதைச் சேர்த்துவிடும். இடத்தை மிச்சம் பிடிக்க நல்ல வழி. ஆனால் அந்தப் பக்கம் பொதுப் பக்கமாக இருந்தால்? முதல் பைப்பில் ‘ஏபிசிடி’ என்று நாலு எழுத்து போடுங்கள். அதில் முதல் இரண்டை மட்டும் டீ மூலம் இரண்டாவது பைப்புக்குக் கொடுங்கள். இரண்டாவது பைப்பின் பார்வையில் ‘ஏபி’க்குப் பிறகு இருப்பது வெற்றிடம். அதில் ‘எக்ஸ்எக்ஸ்’ என்று எழுதினால், அது விழுவது முதல் பைப்பின் ‘சிடி’ மேல். முதல் பைப்பைப் படித்தால் ‘ஏபிஎக்ஸ்எக்ஸ்’ என்று வரும். அந்தப் பைப்பில் யாரும் எக்ஸ் எழுதவே இல்லை! பழைய கர்னல் ஒன்றைத் தேடி ஓட்டிப் பார்த்தேன், அப்படியேதான் வந்தது.

‘நகல்’ என்று பெயர் வைத்ததை நம்பி, தன் நகலில்தானே எழுதுகிறோம் என்று நினைத்த புரோகிராமின் மேல் ஒரு தப்பும் இல்லை.

2019இல் யான் ஹார்ன் இதைக் கண்டுபிடித்துத் திருத்தினார். டீ வழியாக வந்த பக்கத்தில் இனிமேல் சேர்த்து எழுத முடியாது, புதுப் பக்கம்தான் எடுக்க வேண்டும். பத்திரத்தில் கடைசி வரிக்குக் கீழே உள்ள வெற்றிடத்தைக் கோடு போட்டு அடிக்கிறோமே, அந்த மாதிரி.

அதே வருடம் அவர் பங்காளிகளின் எண்ணிக்கையிலும் கை வைத்தார். சுமார் 140 ஜிபி ரேம் உள்ள இயந்திரத்தில் அந்த எண்ணையே நிரம்பி வழியச் செய்ய முடியும். அப்போது ஆள் இருக்கும்போதே பக்கம் விடுவிக்கப்பட்டுவிடும். அதற்கும் வரம்பு வைத்தார்கள். இரண்டு திருத்தங்களும் 5.1 பதிப்பில் இருக்கின்றன.