கை அவளுடையது, கையெழுத்து யாருடையது?

இந்தியாவில் அம்மை குத்தியதன் வரலாறு ஒரு பெண் குழந்தையின் கையில் தொடங்குகிறது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்கிற 3 வயதுச் சிறுமிக்குப் பசுவம்மைப் பால் குத்தினார்கள். அவள் கைக் கொப்புளத்தின் நீர்தான் அடுத்தவர் கைகளுக்கும் பிற நகரங்களுக்கும் போனது. தடுப்பூசி பற்றிய சொல்லாடலில் பெண் அன்றிலிருந்தே இருக்கிறாள்: கையாக, பிள்ளை சுமக்கும் இடுப்பாக, பதிவேட்டில் எண்ணாக. முடிவெடுப்பவளாக இருக்கிறாளா என்பதே என் கேள்வி.

எங்கள் பக்கத்திலிருந்தே பார்ப்போம். வெள்ளானூர் இருக்கிற திருவள்ளூர் மாவட்டத்தில் 2008 ஏப்ரலில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட 4 குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழக அரசு ஊசி போடுவதைக் கிராமத்திலிருந்து எடுத்து, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் கொண்டுபோனது. பாதுகாப்பு என்ற நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் பால்வாடிக்கு வருகிற நர்ஸம்மாவிடம் நடந்துபோவது வேறு, கைக்குழந்தையோடு பஸ்ஸுக்கு நிற்பது வேறு. "ஊசிக்கு ஒரு நாள், மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஒரு நாள். ரெண்டு நாள் கூலி போச்சு" என்று வெள்ளானூரில் ஒரு அக்கா என்னிடம் சொன்னார். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத கணக்கு அது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் எல்லாத் தடுப்பூசியும் போடப்பட்ட குழந்தைகள் 2005-06இல் 80.9 சதவீதம், 2015-16இல் 69.7 சதவீதம். இந்த இடமாற்றம் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 2019-21இல் அது 89.2 ஆக ஏறியும் விட்டது. ஆனால் சரியும்போதெல்லாம் 'தாய்மாருக்கு விழிப்புணர்வு போதாது' என்று எழுதிவிடுவது எவ்வளவு சுலபம்! அவள் நடந்த தூரத்தை யார் அளந்தார்கள்?

தாயிடம் கேட்காதவர்கள் மகளிடம் கேட்டார்களா? 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சுமார் 14,000 சிறுமிகளுக்குப் போட்டுப் பார்க்கும் திட்டம் தொடங்கியது. பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பெண்கள். மரணங்கள் பற்றிய செய்தி எழுந்து, பெண்கள் நல அமைப்புகள் போராடியபின் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணைக் குழு. சரி. ஆனால் 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு காட்டிய கணக்கை என்ன செய்வது? 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948இல் கைரேகை. 2,763இல் விடுதிக் காப்பாளரின் கையெழுத்து.

2021இல் நிலைமை தலைகீழ். கரோனா ஊசிக்கான சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. சேர்க்காததால் தரவு இல்லை. தரவு இல்லாததால் ஊசி இல்லை. ஜனவரி 16இல் தடுப்பூசி தொடங்க, பாலூட்டும் பெண்களுக்கு மே 19இலும் கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2இலும்தான் அனுமதி வந்தது. அதற்குள் இரண்டாம் அலை உச்சம் தாண்டிவிட்டது. கம்மத்தில் கேட்காமல் போட்டார்கள். இங்கே கேட்காமல் மறுத்தார்கள். 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பயன்பட்டது.

நான் ஊசிக்கு எதிரி இல்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயால் ஏழைப் பெண்கள் சாகிற நாட்டில் அந்த ஊசி வேண்டும். 14 வயதுச் சிறுமிகளுக்கு அதைப் போட 36 கோடி ரூபாய் என்று தமிழக அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது நல்ல சேதிதான். பெண்களை எண்ணுவது மட்டும் பாலின நோக்குள்ள கொள்கை ஆகாது. கூலிக்குப் போகிறவள் வரக்கூடிய நேரத்தில், அவள் ஊரிலேயே ஊசி கிடைக்க வேண்டும். அந்தச் சிறுமிக்குப் புரிகிற தமிழில் ஒரு தாள் வேண்டும். பக்கவிளைவு வந்தால் போய் நிற்க ஓர் இடம் வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால், கையை நீட்டச் சொல்லும்முன், "போட்டுக்கிறியாம்மா?" என்று அவளிடமே ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.