ஸ்கடர் தம்பதியர்

ஜான் ஸ்கடர் (1793–1855), அவர் மனைவி ஹாரியட் ஆகியோர் யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் மருத்துவம், கல்வி, சமயம் ஆகிய துறைகளில் உழைத்த அமெரிக்க மிஷனரிகள். நியூயார்க்கில் வளமான மருத்துவத் தொழில் செய்துவந்த ஜான், சமயப்பணி பற்றிய ஒரு சிறுநூலைப் படித்து அத்தொழிலைத் துறந்து, 1819ஆம் ஆண்டு பாஸ்டன் துறைமுகத்திலிருந்து மனைவியோடும் கைக்குழந்தையோடும் கப்பலேறினார். இலங்கையை அடையுமுன்பே, கல்கத்தாவில் அக்குழந்தை இறந்தது. பின்னர் பிறந்த குழந்தைகளிலும் சிலரை அவர்கள் இளமையிலேயே பறிகொடுத்தனர்.

1820இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் குடியேறிய இவர்கள் அங்கு மருத்துவமனையும் பள்ளிகளும் நடத்தினர். புதிய அமெரிக்கப் பணியாளர் வருவதற்கு ஆங்கிலேய ஆளுநர் அக்காலத்தில் விதித்திருந்த தடை 1833 வரை நீடித்ததால், வாந்திபேதி (நீர்வழிப் பரவும் காலரா) மூண்ட நாள்களிலும் பணிச்சுமை முழுவதும் ஏற்கெனவே வந்திருந்த சிலர் மீதே விழுந்தது. ஜானின் பெயரே பெரிதும் பதிவாகியுள்ளது எனினும், பிள்ளைகளை வளர்த்து, வீட்டையும் பணிநிலையத்தையும் தாங்கிய ஹாரியட்டின் உழைப்பின்றி அவ்வளவு நீண்ட காலம் அப்பணி நிலைத்திருக்க இயலாது.

1836இல் சென்னைக்கு மாறிய ஜான், சக மிஷனரியான மைரன் வின்ஸ்லோவுடன் அமெரிக்க மிஷன் அச்சகப் பணியில் ஈடுபட்டுத் தமிழ் நூல்களும் துண்டு வெளியீடுகளும் பரவ வழிசெய்தார். உடல்நலம் குன்றியதால் 1842இல் தாயகம் சென்று, சில ஆண்டுகளுக்குப்பின் திரும்பினார். ஹாரியட் 1849இல் சென்னையில் காலமானார். நலம் தேடி நன்னம்பிக்கை முனைக்குச் சென்ற ஜான் அங்கேயே 1855இல் இறந்தார். இவர்களுடைய பேத்தியான ஐடா ஸ்கடர் (1870–1960) நிறுவியதே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி.