பதினாலு நிமிசப் பாட்டும் எழுதப்படாத ஒரு பெயரும்

'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டை நாங்கள் எல்லாருமே எங்கேயாவது கேட்டிருப்போம். ஒரு படத்தில், ஒரு கலியாண வீட்டு டீஜேயிடம், இல்லையெண்டால் யூடியூப்பில். ஆனால் அதில் ஒரு ராப்பர் தன்னை அறிமுகப்படுத்தும்போது எழுத்துக் கூட்டிச் சொல்லுறது இன்னொருத்தனுடைய பெயர் எண்டது கனபேருக்குத் தெரியாது. சுகர் ஹில் ரெக்கோர்ட்ஸ் எண்ட லேபலின் முழுக் கதையும் அந்த ஒரு இடத்துக்குள்ள இருக்குது.

ஹிப்ஹொப்பின் பிறந்தநாளாகச் சொல்லப்படுவது 1973 ஓகஸ்ட் 11. நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தில் சிண்டி காம்பெல் ஒரு பார்ட்டி வைத்தார். இசைத்தட்டுச் சுழற்றினது அவருடைய அண்ணன் டீஜே கூல் ஹேர்க். அதுக்குப் பிறகு ஆறு வருசம் இந்த இசை பூங்காக்களிலும் கிளப்புகளிலும்தான் வாழ்ந்தது. பார்ட்டிகளில் பதிஞ்ச கசெற்றுகள் கைமாறின. டீஜேதான் ராசா, மைக் பிடிச்சவர் அவருக்குத் துணை. இதைக் காசு குடுத்து வாங்கிற இசைத்தட்டாக்கலாம் எண்டு அநேகமானோர் யோசிக்கவேயில்லை.

யோசிச்சவர் சில்வியா ராபின்சன். 1950களில் 'மிக்கி அண்ட் சில்வியா' எண்ட இருவர் குழுவில் பாடியவர், 1973இல் 'பில்லோ டோக்' பாட்டால் தனியாகவும் வெற்றி கண்டவர். கணவர் ஜோவோடு நடத்திய பழைய கொம்பனி விழுந்துகொண்டிருந்த நேரம், ஹார்லெம் கிளப் ஒன்றில் சனம் ராப்புக்கு ஆடுறதைப் பார்த்தார். 1979இல், மொரிஸ் லெவி எண்ட இசை வியாபாரியின் பண உதவியோடு, நியூ ஜேர்சியின் எங்கிள்வுட் நகரில் புது லேபல் தொடங்கினது. பெயர் மட்டும் ஹார்லெமின் வசதியான கறுப்பினக் குடியிருப்பான சுகர் ஹில்லில் இருந்து வந்தது.

பாட வந்தது பிரொங்ஸின் பெரிய நட்சத்திரங்கள் இல்லை. எங்கிள்வுட்டில் பீட்சாக் கடையில் வேலை செய்த பிக் பேங்க் ஹேங்க், அவரோடு வொண்டர் மைக், மாஸ்டர் ஜீ. ஸ்ரூடியோவில் டீஜேயும் இல்லை. சிக் குழுவின் 'குட் டைம்ஸ்' தாளத்தை ஒரு பாண்ட் திரும்பத் திரும்ப வாசிக்க, மூன்று பேரும் மாறி மாறி ராப் செய்தார்கள். பதினாலு நிமிசத்துக்கும் மேல். ஃபாட்பேக் குழுவின் ராப் இசைத்தட்டு ஒன்று சற்று முன்னமே வந்திருந்தது. ஆனால் பில்போர்ட் ஹொட் 100 பட்டியலில் 36ஆம் இடம் வரைக்கும் ஏறி உலகத்துக்கு ராப்பைக் காட்டினது இந்தப் பாட்டுத்தான்.

ஹேங்க் பாடிய வரிகளில் பெரும்பகுதி கிராண்ட்மாஸ்டர் கேஸ் எண்ட பிரொங்ஸ் ராப்பருடையவை. கேஸின் கொப்பியில் இருந்ததை அப்படியே பாடினபடியால், 'கசனோவா ஃப்ளை' எண்ட கேஸின் பழைய மேடைப்பெயரும் ஹேங்கின் வாயால் வந்துட்டுது. தங்கட தாளத்தைக் கேட்ட சிக் குழுவின் நைல் ரொஜர்சும் பேர்னார்ட் எட்வர்ட்சும் வழக்கு எண்டு எச்சரிச்சார்கள். பாடலாசிரியர் இடத்தில் அவர்களுடைய பெயர் ஏறியது. கேஸின் பெயர் ஏறவில்லை. இரண்டுமே மற்றவர் உழைப்புத்தான். ஆனால் ஒரு பக்கம் புகழும் வக்கீலும் இருந்தது, மற்றப் பக்கம் ஒரு கொப்பி மட்டும் இருந்தது.

இதோட நிப்பாட்டினால் நாங்கள் சுகர் ஹில்லுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். தென் கரோலினாவில் இருந்து வந்த மூன்று பெண்களின் 'த சீக்வென்ஸ்' குழுவை 1979இலேயே வெளியிட்டது இந்த லேபல். 1981இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷின் கைவேலையை மட்டுமே வைத்து ஏழு நிமிச இசைத்தட்டு ஒன்றும் போட்டது. ஸ்ரூடியோ வாசலில் நிப்பாட்டப்பட்ட டீஜே அதில் உள்ளுக்கு வந்தார்.

அடுத்த வருசம் 'த மெசேஜ்' வந்தது. பார்ட்டிப் பாட்டாக இருந்த ராப், உடைஞ்ச கண்ணாடியும் கடனும் நிறைஞ்ச தெருவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினது. ஃபிளாஷின் குழு முதல்ல அதை விரும்பவில்லை; சில்வியாதான் விடாமல் நிண்டார். எழுதினதும் ராப் செய்ததும் பெரும்பாலும் டியூக் பூட்டியும் மெலி மெல்லும். உறையிலோ கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் த ஃபியூரியஸ் ஃபைவ் எண்டு இருந்தது. 1979இல் எழுதினவனுக்குப் பெயர் இல்லை. 1982இல் பெயர் போட்டவருக்குப் பாட்டில் பெரிய வேலை இல்லை. ரெண்டு தரமும் பெயரைத் தீர்மானிச்சது லேபல்.

1983இல் ஃபிளாஷ் தன்ர பங்குப் பணத்துக்கும் பெயருக்கும் நீதிமன்றம் போனார். ரன் டிஎம்சி போன்ற புதியவர்கள் வெறும் ட்ரம் மெஷினோடு வந்தபோது சுகர் ஹில்லின் பாண்ட் சத்தம் பழசாகிப் போனது. 1980களின் நடுப்பகுதியோடு லேபல் ஓய்ந்தது. 2002இல் எங்கிள்வுட் ஸ்ரூடியோ எரிஞ்சு போனது. 2011இல் சில்வியா காலமானார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியலில் 'த மெசேஜ்', 'ராப்பர்ஸ் டிலைட்' இரண்டுமே இருக்குது.

சில்வியா இல்லாட்டி அந்த இசை உலகத்துக்கு வர இன்னும் எத்தனை வருசம் எடுத்திருக்குமோ. அவர் நடத்தின லேபலில் உழைச்சவனுக்குச் சேரவேண்டியது சேரவும் இல்லை. ஒண்டைச் சொல்லி மற்றதை மறைக்க எங்களுக்கு விருப்பமில்லை. அடுத்தமுறை அந்தப் பாட்டு ஓடேக்க, ஹேங்க் எழுத்துக் கூட்டிற இடத்தைக் கவனமாகக் கேளுங்கோ. உறையில் இல்லாத பெயர் பாட்டுக்குள்ள இன்னும் கேட்டுக்கொண்டே இருக்குது.