படச் சீட்டின் விலையும் பழமையின் மெய்ம்மையும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், நம் காலனிச் சிறுவன் ஒருவன் தன் கிரிக்கெட் படச் சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, மடங்கிய மூலைகளைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தான். ஏன் இவ்வாறு செய்கிறாய் என வினவினோம். "புதுசு மாதிரி இருக்கும் மாமா!" என்றான். அவனுக்குக் கூறிய வரலாற்றையே இம்மலர் வாயிலாக அன்பர்கட்கும் கூற விழைகின்றோம்.

அமெரிக்க நாட்டில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிகரெட்டுப் பொட்டலம் நசுங்காதிருக்கும் பொருட்டு உள்ளே ஓர் அட்டை வைப்பர். அதில் பேஸ்பால் ஆட்டக்காரர் முதலியோரின் படங்களை அச்சிட்டு விளம்பரமாக்கினர். பிற்காலத்தில் அச்சீட்டுகள் சூயிங்கத்துடன் வந்தன. சிறுவர்கள் அவற்றை ரப்பர் வளையமிட்டுக் கட்டினர். சைக்கிள் சக்கரக் கம்பிகளில் செருகி ஒலியெழுப்பி மகிழ்ந்தனர். ஆதலின் பழுதுறாத பழஞ்சீட்டு அரிதாயிற்று. அரிதானது விலை பெற்றது.

இன்று இவற்றை ஆய்ந்து 1 முதல் 10 வரை தரமிடும் நிறுவனங்கள் உள்ளன. மூலைகளின் கூர்மை, விளிம்பின் செம்மை, மேற்பரப்பின் தூய்மை, படம் நடுவே அமைந்த பாங்கு ஆகிய நான்கையும் அவை நோக்குகின்றன. 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேன்டில் என்பாரின் சீட்டு ஒன்று, 9.5 தரம் பெற்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. மடிப்பு விழுந்து மூலை மழுங்கிய அதே சீட்டோ சில பத்தாயிரம் டாலர்களுக்கே விலைபோகிறது. படம் ஒன்றே, தேய்மானம் செய்த வேற்றுமை இது!

ஆயினும் தேய்மானமே முடிவான அளவுகோல் அன்று. 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி வெளியிட்ட வரிசையில், ஹோனஸ் வாக்னர் என்னும் வீரரின் சீட்டு விரைவிலேயே நிறுத்தப்பட்டது. சிறுவர் புகையிலை வாங்கத் தாம் காரணமாதல் கூடாதென அவர் மறுத்தார் என்பர் சிலர். பணம் கருதி மறுத்தார் என்பர் வேறு சிலர். எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றுள் 2 தரமே பெற்ற நைந்த சீட்டொன்று, 2022-இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. அருமை, தேய்மானத்தை வென்றது.

இனி, கத்தரியின் கதைக்கு வருவோம். அதே வாக்னர் சீட்டுகளுள் மிக அழகியது ஒன்றை 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவர் கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு வாங்கினர். அதற்கு 8 என்னும் உயர்தரமும் வழங்கப்பட்டது. 2007-இல் அதன் விலை 28 லட்சம் டாலராக உயர்ந்தது. ஆனால் அச்சீட்டை முன்னர் விற்ற பில் மாஸ்ட்ரோ என்னும் வணிகர், அதன் விளிம்புகளைத் தாமே நறுக்கியதாக 2013-இல் நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். உலகம் வியந்த அந்தக் கூர்மை காலம் காத்துத் தந்ததன்று, கருவி தந்தது! நறுக்கப்பட்டது எனத் தெரிந்த சீட்டுக்குத் தர எண் வழங்குவதில்லை என்பதே இத்துறையின் பொது வழக்கம்.

எழுத்தர் பணியில் நாம் கற்ற பாடம் ஒன்றுண்டு. பேரேட்டில் பிழை நேரின் கோடிட்டு அடித்து, அருகே சுருக்கொப்பம் இடுவோம். சுரண்டி அழிக்க மாட்டோம். அடித்த பக்கம் அழகற்றதாயினும் நம்பத்தக்கது. சுரண்டிய பக்கமோ, ஏனைய பக்கங்களின் மேலும் ஐயத்தை விளைவிக்கும். மழுங்கிய மூலை, அச்சீட்டு ஒரு சிறுவனின் சட்டைப்பையில் வாழ்ந்ததற்குச் சான்றாகும். அது விலையைக் குறைக்கலாம், மெய்யைக் குறைப்பதில்லை.

இவ்வளவும் கேட்ட சிறுவன் கத்தரியைக் கீழே வைத்தான். நறுக்கிய மூன்று சீட்டுகளையும் தனியே எடுத்து, "இதை மாத்துறப்போ வெட்டினதுன்னு சொல்லிடறேன் மாமா" என்றான். நாம் மகிழ்ந்தோம்.